ஆங்கிலத்தில் ‘ஈட்’ (eat) என்பது ‘தின்னு’ மாதிரி மரியாதைக் குறைவான சொல்லா?

குழித்துறைக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். நான் நர்ஸ். களியக்காவிளை தாண்டி ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. இங்கிலாந்து போகிறதுக்காக ஓ.இ.டி. (மருத்துவத் துறையில் இருப்பவர்களுக்கான ஆங்கிலத் தேர்வு) தேர்வுக்குப் படிக்கிறேன். நேற்று பேச்சுப் பயிற்சியில் நோயாளியாக நடித்த மேடத்திடம் ‘டிட் யூ ஈட் யுவர் டேப்லெட்ஸ்?’ என்று கேட்டுவிட்டேன். மாத்திரைக்கு ஈட் வராது என்று உடனே நிறுத்திவிட்டார். அதிலிருந்து ஒரே குழப்பம். நம்ம வீட்டில் அம்மா ‘சோறு தின்னியா மக்ளே’ என்று கேட்டால் அது பாசம், ஆனால் அதையே வார்டில் ஒரு பெரியவரிடம் கேட்க முடியாதே. ஈட் என்பதும் அப்படித்தானா? பேசாமல் எல்லா இடத்திலும் ‘ஹேவ்’ போட்டுவிடலாமா? தேர்வு அடுத்த மாதம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாறசாலை அண்ணன்:
தங்கச்சி, முதலில் அந்தப் பயத்தை விடு. நான் இங்கிலாந்தில் வார்டில் வேலை பார்க்கிறேன். ஈட் மரியாதைக் குறைவே கிடையாது. டாக்டர்களே எண்பது வயசுப் பாட்டியிடம் ‘ஆர் யூ ஈட்டிங் அண்ட் ட்ரிங்கிங் ஓகே?’ என்றுதான் கேட்பார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் ‘வென் டிட் யூ லாஸ்ட் ஈட்?’ என்று கேட்டே ஆக வேண்டும், அங்கே சுற்றி வளைத்தால்தான் ஆபத்து. ‘நத்திங் டு ஈட் ஆர் ட்ரிங்க்’ என்று நோயாளியிடம் சொல்வோம், கட்டில் பக்கத்துப் போர்டில் ‘நில் பை மவுத்’ (nil by mouth, வாய்வழியாக எதுவும் கூடாது) என்று இருக்கும்.

ஹேவ் எங்கே நன்றாக வரும் என்றால், வேளைச் சாப்பாட்டின் பெயரோடு. ‘ஹேவ் யூ ஹேட் யுவர் லஞ்ச்?’, ‘ஷீ இஸ் ஹேவிங் ஹெர் ப்ரேக்ஃபஸ்ட்’. டீ, காப்பிக்கும் அதுவே போதும். ஆனால் எவ்வளவு உள்ளே போனது, வாய்வழியாக எடுக்க முடிகிறதா என்று தெரிய வேண்டிய இடத்தில் ஈட் தான் சரியான சொல்.

மாத்திரைக்கு ‘டேக்’. ‘ஹேவ் யூ டேக்கன் யுவர் டேப்லெட்ஸ்?’ ஈட் என்றால் மாத்திரையைச் சோறு மாதிரி மென்று தின்ற எண்ணம் வந்துவிடும். சில மாத்திரைகளை மெல்லத்தான் வேண்டும், அதற்கு ‘ச்யூ’. சிலதை உடைக்காமல் விழுங்க வேண்டும், அதற்கு ‘ஸ்வாலோ இட் ஹோல்’. இது மாறிப் போனால் மருந்தே வேறு விதமாக வேலை செய்யும், அதனால் இதை மட்டும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிற மாதிரி பழகிக்கொள்.

விளவங்கோடு வாத்தியார்:
மக்ளே, தப்பு உன்னுடையது இல்லை, நம்ம ‘சாப்பிடு’தான் காரணம். சோறு சாப்பிடு, காப்பி சாப்பிடு, மாத்திரை சாப்பிடு, எல்லாவற்றுக்கும் அது ஒன்றே. நீ வேலை பார்க்கிற பக்கத்தில் பேசுகிற மலையாளமும் அப்படியே: ஊணு கழிச்சோ, மருந்து கழிச்சோ. அங்கே கல்யாணத்தையும் ‘கழிக்க’த்தானே செய்கிறார்கள்! ஆனால் பழைய தமிழில் உண்பது, தின்பது, நக்குவது, பருகுவது என்று நாலாகப் பிரித்து வைத்திருந்தார்கள். ஆங்கிலமும் ஈட், ட்ரிங்க், டேக் என்று பிரிக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்று, நம்ம ஊரில் ‘காப்பி குடிச்சாச்சா’ என்றால் காலைப் பலகாரம் ஆயிற்றா என்று அர்த்தம். அதை ‘டிட் யூ ட்ரிங்க் காஃபி?’ என்று கேட்டு, நோயாளி ‘நோ’ என்றால், அவர் நாலு இட்லி சாப்பிட்டது உனக்குத் தெரியாமலே போய்விடும். இன்சுலின் போடுகிற நேரத்தில் அது சின்ன விஷயமா? ‘ஹேவ் யூ ஹேட் ப்ரேக்ஃபஸ்ட்?’ என்றே கேள்.

ஈட், ஏட், ஈட்டன். ‘ஹேவ் யூ ஏட்’ என்று பலர் எழுதுகிறார்கள், ‘ஹேவ் யூ ஈட்டன்’ தான் சரி. நடுவில் வருகிற ஏட் என்பதை பிரிட்டனில் நிறையப் பேர் ‘எட்’ என்றே சொல்வார்கள், கேட்டால் திகைக்காதே. அப்புறம், எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்: நாம் சொல்கிற ‘அன்னம்’ சமஸ்கிருதத்தில் ‘அத்’ என்ற வேரிலிருந்து வந்தது, ஈட் என்பதற்கும் அதே மூலம்தான்.

குழித்துறைக்காரி:
சார், அண்ணா, ரொம்ப நன்றி. இன்சுலின் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. ஒரே ஒரு சந்தேகம். கஞ்சியை நாம் குடிக்கிறோமே, அங்கே?

பாறசாலை அண்ணன்:
அங்கே ‘போரிட்ஜ்’ ஸ்பூனில் எடுப்பது, அதனால் ஈட் அல்லது ஹேவ். சூப் கிண்ணத்தில் ஸ்பூனோடு வந்தால் ஈட், கப்பில் வாய் வைத்து உறிஞ்சினால் ட்ரிங்க். சந்தேகம் வந்தால் ஹேவ், இரண்டுக்கும் பொருந்தும்.

நோயாளிகள் சொல்வதையும் புரிந்துகொள்ள வேண்டுமே. ‘ஐயாம் ஆஃப் மை ஃபுட்’ என்றால் சாப்பாடு பிடிக்கவில்லை, பசியே இல்லை என்று அர்த்தம். ‘ஐ கான்ட் கீப் எனிதிங் டவுன்’ என்றால் சாப்பிட்டது எல்லாம் வாந்தியாகிறது. இதைக் கேட்டதும் எப்போதிலிருந்து, தண்ணீராவது தங்குகிறதா என்று அடுத்த கேள்வி கேள். மேடத்திடம் இந்த இரண்டையும் வைத்து ஒரு தடவை நடித்துப் பார்க்கச் சொல்.