மணல்மேல் படரும் நீலப்பச்சைப் படலம்: மாத்திரையா, இருட்டா?

காவிரிக்கரை (திருச்சி)
எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது 2 அடி மீன் தொட்டி, சுமார் 60 லிட்டர் தண்ணீர், வைத்து எட்டு மாதம் ஆகிறது. 9 நியான் டெட்ரா, 4 கோரி (அடியில் மேயும் சிறு கெளுத்தி), கொஞ்சம் செர்ரி இறால். செடி என்று பார்த்தால் ஜாவா ஃபெர்ன், வாலிஸ்னேரியா.

மூன்று வாரமாக மணல்மேல் கரும்பச்சையாக ஒரு படலம் பிடிக்கிறது. விரலால் தூக்கினால் ஆடை மாதிரி முழுசாக உரிந்து வருகிறது. வழவழப்பு, சேற்று நாற்றம். உரித்து எடுத்த மூன்றாம் நாள் அதே இடத்தில் மறுபடி இருக்கிறது. போதாததற்கு, போன மாதம் உள்ளே வைத்த புதுக் கட்டையில் வெள்ளையாகப் பஞ்சு போல ஏதோ முளைத்திருக்கிறது.

லைட் காலை 7 மணிக்குப் போட்டால் இரவு 9 வரை எரியும். வாரம் இரண்டு முறை பாதித் தண்ணீர் மாற்றுகிறேன். மீன் கடையில் சக்கர் மீன் ஒன்று விடச் சொல்கிறார்கள். விடலாமா?

இரட்டைவால் (கொளத்தூர், சென்னை)
தம்பி, சக்கர் வேண்டாம். அது இந்தப் படலத்தைத் தொடவே தொடாது. ஒரு அடிக்கு மேல் வளர்ந்து நிற்கும், அப்புறம் எங்கே விடுவது என்று தெரியாமல் ஏரியில் கொண்டுபோய் விடுவீர்கள். இப்படி விட்ட சக்கர்தான் இன்று நம் ஏரிகளில் மீனவர் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது.

கட்டையில் இருக்கும் வெள்ளைப் பஞ்சைப் பற்றிக் கவலை வேண்டாம். புதுக் கட்டையில் கசியும் சத்தைத் தின்னும் பூஞ்சையும் பாக்டீரியாவும்தான் அது. சில வாரத்தில் தானே போகும், இறால் அதற்குள் மேய்ந்தே முடித்துவிடும்.

மணல்மேல் இருப்பதுதான் விஷயம். அது நீலப்பச்சைப் பாசி. எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரை போடுங்கள். 40 லிட்டருக்கு 200 மில்லிகிராம் கணக்கு, நான்கு நாள். இரண்டாம் நாள் முடிவில் கொஞ்சம் தண்ணீர் மாற்றிக்கொள்ளுங்கள். ஐந்தாம் நாள் மணல் வெள்ளையாக இருக்கும். நான் பதினைந்து வருடமாக மீன் வளர்க்கிறேன், இது என்னைக் கைவிட்டதே இல்லை.

நீர்த்தாவரம் (கோவை)
அண்ணா, என்ன வளர்ச்சி என்று நீங்கள் சொன்னது சரி. மருந்தில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. மனிதருக்கு டாக்டர் சீட்டில் தர வேண்டிய ஆன்டிபயாட்டிக்கை மணல் அழுக்குக்காகத் தொட்டியில் கரைக்கக் கூடாது. தண்ணீர் மாற்றும்போது அது சாக்கடைக்குத்தானே போகிறது? அங்கே இருக்கும் பாக்டீரியா அந்த மருந்துக்குப் பழகிக்கொண்டால் நாளை நம் பிள்ளைகளுக்கு அது வேலை செய்யாமல் போகும்.

காவிரிக்கரை, நீங்கள் இருட்டு வைத்தியம் செய்யுங்கள். முடிந்த மட்டும் சைபன் குழாய் போட்டுப் படலத்தை உறிஞ்சி எடுங்கள். லைட்டை அணைத்து, தொட்டியைக் கறுப்புத் துணியால் நான்கு பக்கமும் மேலேயும் மூடுங்கள். நான்கு நாள் திறந்து பார்க்கவே கூடாது, தீனியும் வேண்டாம். டெட்ராவும் கோரியும் நான்கு நாள் பட்டினி தாங்கும். ஐந்தாம் நாள் பாதித் தண்ணீர் மாற்றுங்கள். அதற்குப் பிறகு லைட் 6 மணி நேரம் போதும். 14 மணி நேரம் எரிவதுதான் உங்கள் முதல் பிரச்சினை.

புதுத்தொட்டி (சேலம்)
கடையில் பாசி கொல்லும் நீலத் திரவம் ஒன்று விற்கிறார்களே, அதை ஊற்றினால் ஒரே நாளில் வேலை முடியாதா?

நீர்த்தாவரம்
நீல நிறமாக வருவதில் பெரும்பாலும் செம்பு இருக்கும். செம்பு பட்டால் இறால் அத்தனையும் செத்துவிடும். அவர் தொட்டியில் இறால் இருக்கிறது.

தாவரவியல்_டீச்சர் (தஞ்சாவூர்)
இருவரும் நேரே வைத்தியத்துக்குப் போய்விட்டீர்கள். இது என்ன உயிர் என்பதை முதலில் உறுதி செய்துகொள்வோம். பெயரில் பாசி என்று இருந்தாலும் நீலப்பச்சைப் பாசி, அதாவது சயனோபாக்டீரியா (சுருக்கமாகச் சயனோ), உண்மையில் பாக்டீரியா. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் காற்றில் ஆக்சிஜன் சேர ஆரம்பித்ததே இவற்றின் முன்னோரால்தான். பாக்டீரியா என்பதால்தான் பாசி தின்னும் மீன் இதைத் தொடுவதில்லை, ஆன்டிபயாட்டிக்குக் கட்டுப்படுகிறது.

வீட்டில் பள்ளி மாணவர் யாராவது இருந்தால், மைக்ராஸ்கோப்பில் ஒரு துளி வைத்துப் பாருங்கள். செல்லுக்குள் பச்சைத் துகள்கள் தனித்தனியாகத் தெரிந்தால் உண்மைப் பாசி. செல் முழுக்க ஒரே நிறமாக இருந்து, நாணயங்களை அடுக்கியது போல இழை தெரிந்தால் சயனோ. இழை மெதுவாக ஊசலாடி நகர்ந்தால் அநேகமாக ஆசிலட்டோரியா என்ற சயனோ வகை. இன்னொன்று, சில சயனோ வகை நச்சும் சுரக்கும். கையில் கீறல் இருந்தால் வெறுங்கையோடு தொடாதீர்கள்.

இரட்டைவால்
டீச்சர் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நீர்த்தாவரம் சொல்லும் இருட்டை நானும் ஒருமுறை செய்திருக்கிறேன். நான்காம் நாள் துணியை எடுத்தபோது மூன்று கோரி செத்துக் கிடந்தன. படலம் மொத்தமும் ஒரே நேரத்தில் அழுகி, ஆக்சிஜனை இழுத்துவிட்டது. மூன்று வாரத்தில் மணல் மறுபடி பச்சை. மருந்து போட்ட தொட்டியில் ஒரு மீன்கூடச் சாகவில்லை. என் ஒரு மாத்திரையால் ஊர் சாக்கடை கெடுகிறது என்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. பண்ணைகளில் மூட்டை மூட்டையாகக் கொட்டுகிறார்கள், அதைக் கேளுங்கள்.

நீர்த்தாவரம்
கோரி செத்தது வருத்தமான விஷயம் அண்ணா. ஆனால் ஏர் பம்ப் ஓடியதா? நான் எழுதும்போது அதை விட்டுவிட்டேன், என் தவறு. இருட்டில் செடியும் ஆக்சிஜன் தராது, அழுகுவதும் ஆக்சிஜனைத் தின்னும். காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் நான்கு நாளும் ஓடியே ஆக வேண்டும். பவர் கட் வரும் ஊர் என்றால் பேட்டரியில் ஓடும் பம்ப் ஒன்று கையில் இருக்கட்டும்.

பண்ணை கொட்டுகிறது என்பதற்காக நாமும் கொட்டலாமா? உங்கள் மாத்திரை படலம் வந்த காரணத்தைத் தொடாது என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி. காரணம் அப்படியே இருந்தால் மாத்திரைக்குப் பிறகும் படலம் வரும். காவிரிக்கரை, நைட்ரேட் (செடிக்குத் தழைச்சத்து தரும் உப்பு) எவ்வளவு என்று டெஸ்ட் கிட்டில் பார்த்துச் சொல்லுங்கள்.

காவிரிக்கரை
நைட்ரேட் பூஜ்யம். இரண்டு தடவை பார்த்துவிட்டேன். அமோனியாவும் பூஜ்யம். தொட்டி சுத்தமாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். அக்கா மகளின் பள்ளி மைக்ராஸ்கோப்பிலும் பார்த்தோம். டீச்சர் சொன்னபடி இழை, செல் முழுக்க ஒரே நிறம், மெதுவாக அசைகிறது.

நீர்த்தாவரம்
இதுதான். வாரம் இரண்டு முறை பாதித் தண்ணீர் மாற்றிச் செடிக்குத் தழைச்சத்தே இல்லாமல் செய்துவிட்டீர்கள். செடி தளர்ந்தது, சயனோ இடத்தைப் பிடித்தது. உரக்கடையில் 13:0:45 என்று கிடைக்கும் பொட்டாசியம் நைட்ரேட் வாங்குங்கள். 60 லிட்டருக்கு 1 கிராம் கரைத்தால் நைட்ரேட் சுமார் 10 பி.பி.எம். (லிட்டருக்கு 10 மில்லிகிராம்) ஏறும்.

இரட்டைவால்
பாசி பிடித்த தொட்டியில் உரமா? இதை என்னால் ஒப்புக்கொள்ளவே முடியாது. எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுகிற வேலை அது.

தாவரவியல்_டீச்சர்
கேட்க விபரீதமாகத்தான் இருக்கிறது, ஆனால் காரணம் உண்டு. வயலில் அசோலா போடுகிறோமே, அதன் இலைக்குள் வாழும் அனபீனா என்ற சயனோ, காற்றிலுள்ள நைட்ரஜனையே பிடித்து உரமாக்குகிறது. அப்படிப்பட்ட வகைக்கு நைட்ரேட் இல்லாத தண்ணீர் கொண்டாட்டம், செடிக்கோ பட்டினி.

ஆனால் நீர்த்தாவரம், ஒரு திருத்தம். நகரும் இந்த இழை ஆசிலட்டோரியா போலத் தெரிகிறது. அனபீனாவில் நைட்ரஜன் பிடிக்கும் தடித்த செல் தனியாக உண்டு, இதில் அது கிடையாது. அதனால் நைட்ரேட் பூஜ்யம் என்பதை மட்டுமே காரணமாகச் சொல்லிவிட முடியாது. 14 மணி நேர லைட், அடியில் தேங்கும் கழிவு, நீரோட்டம் இல்லாத மூலை, இவையும் சேர்ந்துதான்.

நீர்த்தாவரம்
திருத்தத்தை ஏற்கிறேன் டீச்சர். பில்டர் வாயை மணல் பக்கம் திருப்புவதையும் சேர்த்துக்கொள்வோம்.

இரட்டைவால்
சரி, நீரோட்டத்தில் எனக்கும் சம்மதம். என் தொட்டியிலும் படலம் எப்போதும் பில்டருக்கு எதிர் மூலையில்தான் தொடங்கும். ஆனால் மாத்திரை போட்டால் பில்டர் பாக்டீரியா சாகும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். எனக்கு ஒருமுறைகூட அமோனியா ஏறியதில்லை.

தாவரவியல்_டீச்சர்
உங்களுக்கு ஏறவில்லை என்பதை நம்புகிறேன். ஆனால் சயனோவும் பில்டரில் அமோனியாவை மாற்றும் பாக்டீரியாவும் இரண்டுமே கிராம் நெகட்டிவ் என்ற ஒரே பெரும் பாக்டீரியாப் பிரிவு. ஒன்றின் புரத உற்பத்தியை நிறுத்தும் மருந்து மற்றதைக் கட்டாயம் விட்டுவிடும் என்று யாரும் உறுதி தர முடியாது. மாத்திரை போடுகிறவர் தினமும் அமோனியா பார்க்க வேண்டும்.

காவிரிக்கரை (19 நாள் கழித்து)
தாமதத்துக்கு மன்னிக்கவும். முடிந்ததும் எழுதலாம் என்று இருந்தேன். நான் இருட்டைத் தேர்ந்தெடுத்தேன். முதல் நாள் ஒரு வாளி படலம் உறிஞ்சினேன். ஏர் ஸ்டோன் ஓடிக்கொண்டே இருந்தது. இரட்டைவால் அண்ணன் சொன்ன கோரி விஷயம் மனசில் இருந்ததால், இரண்டாம் நாளிலிருந்து துணியின் ஓரத்தைத் தூக்கி இரவில் மட்டும் மீன்களை ஒருமுறை பார்த்தேன். எல்லாம் உயிரோடு இருக்கின்றன. ஐந்தாம் நாள் பாதித் தண்ணீர் மாற்றினேன். லைட் டைமரில் 6 மணி நேரம், தண்ணீர் மாற்றுவது வாரம் ஒருமுறை, பொட்டாசியம் நைட்ரேட் அரை கிராம் வீதம் இரண்டு தடவை. வாலிஸ்னேரியா இரண்டு புது ஓடுதண்டு விட்டிருக்கிறது. கட்டைப் பஞ்சை இறால் தின்று முடித்துவிட்டன.

ஆனால் முன்பக்கக் கண்ணாடிக்கும் மணலுக்கும் நடுவில் விரல் அகலத்துக்கு ஒரு பச்சைக் கோடு நேற்று தெரிந்தது.

இரட்டைவால்
அந்தக் கோடுதான் நான் சொன்னது. ஜன்னல் வெளிச்சம் அங்கே விழுகிறதா பாருங்கள். இன்னும் இரண்டு வாரத்தில் பரவினால் மாத்திரையைப் பற்றி மறுபடி பேசுவோம்.

நீர்த்தாவரம்
ஜன்னல் வெளிச்சம் என்பது சரியான ஊகம் அண்ணா. காவிரிக்கரை, அந்த ஓரத்துக்கு வெளியே மணல் உயரத்துக்குக் கறுப்பு டேப் ஒட்டுங்கள். 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 10 மில்லி எடுத்து, பில்டரை நிறுத்திவிட்டு, ஊசியில்லாத சிரிஞ்சால் கோட்டின்மேல் மட்டும் மெதுவாக விடுங்கள். பத்து நிமிடம் கழித்து பில்டரைப் போடலாம். புட்டியில் 6 சதவீதம் என்று இருந்தால் அளவைப் பாதியாக்குங்கள்.

காவிரிக்கரை
ஜன்னல் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. டேப் இன்றே ஒட்டிவிடுகிறேன்.