பாட முடியாத கொயர்காரி

எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

22 வருஷமாக எங்கள் சபை கொயரில் (பாடகர் குழுவில்) சோப்ரானோ, அதாவது பெண்களின் உச்சஸ்தாயிக் குரல், பாடியவள் நான். ஊரில் என் பெயர் பலருக்குத் தெரியாது. "நல்லாப் பாடுமே, அந்தப் பிள்ளை" என்றால்தான் தெரியும். போன லெந்து காலத்தில் (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில்) தொண்டை கம்மியது. குரல்நாணில் முடிச்சு என்றார்கள். பயிற்சி நடக்கிறது, ஆனால் பழைய குரல் திரும்புமா என்று மருத்துவர் உறுதி சொல்லவில்லை.

இப்போது கடைசி பெஞ்சில் உட்காருகிறேன். பாமாலை தொடங்கியதும் எழுந்து வெளியே போய்விடலாமா என்றிருக்கிறது.

"ஆண்டவர் வேறொரு தாலந்து தருவார்" என்று ஆறுதல் சொல்கிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வருகிறது. (மத்தேயு 25-இல் தாலந்து என்பது பணத்தின் அளவு, திறமை என்ற அர்த்தம் பிற்பாடு ஒட்டிக்கொண்டது.) தாலந்தே இல்லாவிட்டால் நான் யார் என்பதல்லவா என் கேள்வி!

யோர்தான் நதியில் இயேசு ஞானஸ்நானம் பெற்றபோது, அவர் ஓர் அற்புதமும் செய்வதற்கு முன்பே, "நேசகுமாரன்" என்ற சத்தம் வானத்திலிருந்து வந்துவிட்டது. லூக்கா 10:20-இலும் சீஷர்களை, பிசாசுகள் கீழ்ப்படிவதற்காக அல்ல, நாமம் பரலோகத்தில் எழுதப்பட்டிருப்பதற்காகவே சந்தோஷப்படச் சொல்கிறார். தலைக்குப் புரிகிறது, நெஞ்சுக்குள் இறங்க மாட்டேன் என்கிறது.

விளையாட்டு, இசை, பிரசங்கம் என்று எதையாவது இப்படி இழந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: முதல் சில மாதங்கள் ஜெபத்தில் என்ன செய்தீர்கள்? கொயர் நண்பர்களோடு பழக்கத்தை எப்படி வைத்துக்கொண்டீர்கள்? அப்புறம், வசனம் மட்டும் அனுப்பாதீர்கள், உங்கள் கதையையும் எழுதுங்கள்.