ஸ்குவால்: 'சூறாவளி' வேண்டாம், 'பாய்காற்று' எனலாமா?

வணக்கம் நண்பர்களே.

சுமத்ராவிலிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து, பெரும்பாலும் விடியலுக்கு முன் சிங்கப்பூரை அடையும் இடிமழை வரிசையின் காற்றை, ஆங்கிலத்தில் 'ஸ்குவால்' (squall) எனப்படுவதை, 'சூறாவளி' என்று எழுதுவதை நாம் நிறுத்த வேண்டும். சூறாவளி சுழல்வது. 2001 டிசம்பர் 27 அன்று ஜொகூரின் தென்கிழக்கில் கரையேறிய 'வாமெய்' புயலுக்கு அது பொருந்தும். ஸ்குவாலிலோ மழையோடு இறங்கும் குளிர்காற்று தரையில் மோதி, முன்னோக்கி நேராகப் பாய்கிறது. எனவே 'பாய்காற்று', வரிசைக்குப் 'பாய்காற்று அணி'. மேற்கிலிருந்து வீசும் காற்றுக்குக் 'கோடை' என்ற அழகான பழம்பெயர் உண்டு. இன்று வெயில் காலத்துக்கே நின்றுவிட்டதால் அதை மீட்க வழியில்லை.

> 'பலத்த காற்று' போதாதா, ஐயா?

போதாது. கஸ்ட் (gust) என்பது காற்று வேகத்தின் 3 விநாடிச் சராசரியின் உச்சம். அதை 'வீச்சு' என்போம். ஸ்குவாலுக்கு உலக வானிலை அமைப்பின் வரையறை வேறு: வேகம் திடீரென விநாடிக்கு 8 மீட்டராவது கூடி, 11 மீட்டரை எட்டி, ஒரு நிமிடமாவது நீடிக்க வேண்டும். 1984 ஏப்ரல் 25 அன்று சிங்கப்பூரின் தெங்காவில் பதிவான மணிக்கு 144.4 கி.மீ. ஒரு வீச்சு. அதே வேகத்தில் காற்று தொடர்ந்து அடித்ததாக எழுதினால் பிழை.

> 'பாய்' என்றதும் கப்பற்பாய் நினைவுக்கு வருகிறதே?

கப்பற்பாய் என்றால் 'பாய்க்காற்று' என்று ஒற்று மிகும். 'பாய்காற்று' வினைத்தொகை, மிகாது. ஒற்றே பொருளைப் பிரித்துவிடுகிறது.

அடுத்தது 'தாக்க முன்னறிவிப்பு' (impact forecast), அதாவது காற்று எவ்வளவு வேகமாக அடிக்கும் என்பதோடு நில்லாமல் என்ன சேதம் விளைவிக்கும் என்றும் முன்கூட்டிச் சொல்வது. காற்று சுவரை அழுத்துவதும் தாக்கம், அதனால் கூரை பெயர்வதும் தாக்கம் என்றால் குழப்பமே மிஞ்சும். முதலாவதை 'காற்றழுத்தச் சுமை' என்றும் இரண்டாவதைப் 'பாதிப்பு' என்றும் வைப்போம். வேகம் இரட்டித்தால் சுமை நான்கு மடங்கு: மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் சதுர மீட்டருக்குச் சுமார் 8 கிலோ, 80 கி.மீ. என்றால் 31 கிலோ. ஆனால் சுமை தெரிந்தால் மட்டும் பாதிப்பு தெரியாது. காற்றின் வழியில் என்ன இருக்கிறது, அது எவ்வளவு நொய்ந்தது என்பதும் வேண்டும். எடுத்துக்காட்டாக, மழையில் ஊறிய மண் மரத்தின் வேரைப் பிடிக்காது. வேலை முடிந்ததும் கோபுரப் பாரந்தூக்கியின் கை காற்றோடு திரும்பும்படி விடப்பட வேண்டும். பூட்டிவைத்தால் கவிழ்க்கும் விசை கூடும். 2024 செப்டம்பர் 17 அன்று சிங்கப்பூரில் வீச்சு மணிக்கு 83.2 கி.மீ.தான், ஆனாலும் 300-க்கும் மேற்பட்ட மரங்கள் பாதிக்கப்பட்டன.

ஆகவே 'பாதிப்பு முன்னறிவிப்பு', எளிதில் சேதமடையும் தன்மைக்கு 'நொய்மை' (vulnerability) இரண்டையும் முன்மொழிகிறேன். காற்றின் வழியில் இருப்பதைக் (exposure) குறிக்க 'ஆட்படுநிலை' என்று வைத்திருக்கிறேன். சற்று நீளம், இதைவிடச் சிறிய சொல் எவரிடமாவது இருந்தால் தாருங்கள்.