அமெரிக்கக் கடன் டொலரைச் சாய்க்குமா?

கொக்குவில் கணக்கன்:
அமெரிக்கக் கடன் 36 ரில்லியன் டொலரைத் தாண்டிவிட்டது. 2024 நிதியாண்டில் வட்டிக்குப் போன காசு இராணுவச் செலவையே மிஞ்சியது. 2025 மே மாதம், நாடுகளின் கடன் தரத்தை மதிப்பிடும் மூடிஸ் நிறுவனமும் அமெரிக்காவின் தரத்தை இறக்கிவிட்டது. இப்படி வட்டி கட்டிக் கட்டித் தேய்கிற நாடு எத்தனை காலம் உலகத்தில் சண்டித்தனம் காட்டும்?

குருநகர்க் கடற்காற்று:
அண்ணை, அவர்கள் கடன்பட்டது சொந்தக் காசில். நாங்கள் பட்டது டொலரில். 2022 ஏப்ரல் 12 வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று கொழும்பு கைவிரித்ததை மறந்துவிட்டீர்களா? 200 ரூபா அளவில் நின்ற டொலர் இரண்டு மாதத்துக்குள் 360க்கு ஏறியது. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ஆனது. மண்ணெண்ணெயில் ஓடும் வெளி இணைப்பு இயந்திரம் பூட்டிய படகுகள் கரையிலேயே கிடந்தன. பிடிக்கிற மீன் எண்ணெய்க் காசுக்கே காணாது. ஆனால் 2011இல் அமெரிக்காவைத் தரமிறக்கியபோது, பயந்தவர்கள் பங்குகளை விற்றுவிட்டு ஓடிப்போய் வாங்கியது அதே அமெரிக்க அரசின் கடன் பத்திரங்களைத்தான்!

கொக்குவில் கணக்கன்:
பிரித்தானியாவும் சொந்தக் காசில்தான் கடன்பட்டது தம்பி. 2022 செப்டெம்பரில் லிஸ் ட்ரஸ் அரசு கடனை நம்பி வரியை வெட்டியது. பவுண்ட்ஸ் 1.03 டொலர் வரை விழ, ஓய்வூதிய நிதியங்கள் அரசின் கடன் பத்திரங்களான பிணைமுறிகளை அள்ளி விற்க, இங்கிலாந்து வங்கியே சந்தையில் இறங்கி வாங்கவேண்டி வந்தது. அடுத்த மாதமே பிரதமர் வீட்டுக்குப் போனார். 1956இல் சூயஸ் கால்வாயைப் பிடிக்கப் பிரித்தானியா படை அனுப்பியபோதும் அதே கதை. பவுண்ட்ஸ் ஆட்டம் கண்டபோது வொஷிங்டன் கைகொடுக்க மறுத்தது, படை திரும்பியது.

நல்லூர் வாசுகி:
சூயஸ் நேரம் பவுண்ட்ஸுக்குப் பக்கத்தில் டொலர் தயாராக நின்றது. இப்போது டொலரை விட்டு எங்கே போவது? யுவானைச் சீனா தாராளமாக வெளியே ஓட விடுவதில்லை. யூரோ நாடுகளுக்குப் பொதுவான திறைசேரி இல்லை. மிச்சம் தங்கம்தான். மத்திய வங்கிகளும் அதைத்தான் வாங்குகின்றன. கஸ்தூரியார் வீதி நகைக்கடைகளில் விலை கேட்டால் தலை சுற்றுகிறது, அது வேறு கதை.

கொக்குவில் கணக்கன்:
சரி, 2025 ஏப்ரலில் நடந்தது என்ன? ட்ரம்ப் இறக்குமதி வரி அறிவித்ததும் பங்கு, பிணைமுறி, டொலர் மூன்றும் சேர்ந்து விழுந்தன. 2011 போல ஒருவரும் ஓடிவந்து வாங்கவில்லையே?

குருநகர்க் கடற்காற்று:
அது ஒரு கிழமைக் கூத்து. வரியை 90 நாள் ஒத்திவைத்ததும் சந்தை அடங்கிவிட்டது.

கொக்குவில் கணக்கன்:
ஏன் ஒத்திவைத்தார்? பிணைமுறிக்காரர் கொஞ்சம் முறுகியதும் வெள்ளை மாளிகை பின்வாங்கியது. அதையா தம்பி பலம் என்கிறீர்?