கரட்டு உச்சியை விட்டுவிட்டு ஊரோரத் தோட்டத்தில் டவரா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

தோப்புக்காரன்:
பொள்ளாச்சிக்குத் தெற்கே, தென்னந்தோப்புகளுக்கு நடுவில் எங்கள் ஊர். போன் பேச மொட்டை மாடிக்குத்தான் ஏற வேண்டும். இப்போது ஒரு கம்பெனி புது டவர் வைக்க வந்திருக்கிறது. ஊரிலிருந்து 400 மீட்டரில், 100 மீட்டர் உயரத்துக்குக் கரடு ஒன்று சும்மா நிற்கிறது. வந்த இன்ஜினியர் அதில் ஏறிக்கூடப் பார்க்காமல் ஊரோரத் தோட்டம் ஒன்றைக் குறித்துக்கொண்டு போய்விட்டார். வாடகைக்காகத் தோட்டத்துக்காரர் ஆள் பிடித்துவிட்டார் என்று ஊரே பேசுகிறது. உயரத்தில் வைத்தால்தானே எல்லோருக்கும் எடுக்கும்? மனு எழுதியாகிவிட்டது, கையெழுத்துதான் பாக்கி.

பழைய டவர்க்காரர்:
கையெழுத்தைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்க.

ஆண்டெனா குண்டு பல்பு இல்லை, டார்ச் லைட். மேலும் கீழுமாக அதன் கற்றை பெரும்பாலும் ஏழெட்டு டிகிரிதான். அதை 5 டிகிரி குனிய வைக்கிறோம் என்று வையுங்கள். ஊரோரத்தில் 40 மீட்டர் டவர் என்றால் கற்றையின் நடு சுமார் 450 மீட்டரில் தரை தொடும். அதே டவர் கரட்டு மேல் ஏறினால் மொத்தம் 140 மீட்டர். கற்றை 1,600 மீட்டர் தள்ளித்தான் இறங்கும். அடிவாரத்தில் இருக்கிற உங்களுக்குத் தலைக்கு மேல் போய்விடும். ஊரைப் பார்க்க வைக்க வேண்டுமானால் 19 டிகிரி குனிய வேண்டும். அப்படிக் குனிவதற்கு எதற்குக் கரடு ஏறுவானேன்?

இன்னொரு தொல்லையும் உண்டு. 4ஜியில் அக்கம்பக்கத்து டவர்கள் பெரும்பாலும் ஒரே அலைவரிசையில்தான் ஓடும். உச்சியிலிருந்து கிளம்புவது எங்கோ இருக்கும் ஊர்களில் விழுந்து, அங்குள்ள டவருக்கு இரைச்சலாகிவிடும். கரடு 3, 4 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் நானே உங்கள் மனுவில் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

தோப்புக்காரன்:
சரிங்கண்ணா. ஆனால் தோட்டத்தைச் சுற்றிலும் தென்னைதானே, அது மறைக்காதா?

பழைய டவர்க்காரர்:
மனுவில் இதைத்தான் எழுதியிருக்க வேண்டும். எந்த அலைவரிசை போடுகிறீர்கள் என்று கேளுங்கள். வெட்டவெளிக் கணக்கிலேயே 2300 மெகாஹெர்ட்ஸ், 900-ஐவிட 8 டெசிபல் குறைவாக வந்து சேரும். அதாவது ஆறில் ஒரு பங்கு பலம். கீற்று, அதிலும் மழையில் நனைந்த கீற்று, மிச்சத்தையும் தின்றுவிடும். 700, 850, 900 இவற்றில் ஒன்றாவது வேண்டும் என்று பிடிவாதமாக நில்லுங்கள்.

சாளைவாசி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். டவருக்கு நேர் கீழே குடியிருப்பவர்களுக்குக் கதிர்வீச்சு அதிகம் இல்லையா?

பழைய டவர்க்காரர்:
கற்றை வெளிப்பக்கம் பார்த்துப் போவதால் நேர் கீழே குறைவாகத்தான் இருக்கும். 2012-இல் நம் நாட்டு வரம்பைச் சர்வதேச வரம்பில் பத்தில் ஒன்றாகக் குறைத்தார்கள்.

தோப்புக்காரன்:
நேற்று ஊரைச் சுற்றி நடந்து அளந்தேன். சிக்னல் மாடியில் -108 dBm, வீட்டுக்குள் -119 (மைனஸ் எண் கூடக் கூடச் சிக்னல் பலவீனம்). பள்ளத்துக்கு அந்தப் பக்கம் அம்மா இருக்கிற சாளையில் (தோட்டத்து வீட்டில்) ஒன்றுமே இல்லை.

பழைய டவர்க்காரர்:
சாளை எந்தத் திசை? வழக்கமாக மூன்று பக்கத்துக்கு ஆண்டெனா வைப்பார்கள், 120 டிகிரிக்கு ஒன்று. ஒன்றாவது பள்ளத்தைத் தாண்டி அந்தப் பக்கம் பார்க்கிறதா என்று இன்ஜினியரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.

தோப்புக்காரன்:
வடமேற்குங்க. திங்கட்கிழமை வருகிறாராம், கேட்டுவிட்டு எழுதுகிறேன். மனுவைக் கிழித்துவிட்டேன், தோட்டத்துக்காரரிடம் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.