பக்கத்தில் கட்டட வேலை, நடைபாதையும் புல்லும் நாசம்: புகார் கொடுத்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வடக்குவாசல்:
எதிர்வீட்டில் தளம் போட்ட அன்று விடிகாலை ஆறு மணி. கான்கிரீட் கலவை கொண்டுவரும் ரெடிமிக்ஸ் லாரி திரும்ப இடமில்லாமல் பின்சக்கரத்தை நடைபாதையில் ஏற்றிவிட்டது. ஒரே ஒரு சத்தம், ஓடு உடைகிற மாதிரி. அதற்குப் பிறகு மழை பெய்தாலே அந்தக் கல்லில் கால் வைத்தவர் மேல் சேற்றுத் தண்ணீர் பீச்சியடிக்கும். புகார் கொடுத்தேன். பார்க்க வந்த அதிகாரி ஷூ நுனியால் கல்லை ஆட்டினார், நாலு படம் எடுத்தார், கிளம்பும்போது கேட்டார்: "வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு போட்டோ இருக்கா சார்?" பெற்ற பிள்ளைகளையே ஒழுங்காகப் படம் எடுத்ததில்லை, நடைபாதையையா எடுத்து வைப்பேன்? அந்தக் கேள்வி இன்னும் உறுத்துகிறது.

மண்புழு:
கல்லையாவது மாற்றிப் போடலாம். எங்கள் தெருவோரப் புல்திட்டில், மரத்தடியிலேயே, கலவை மிஷினைக் கழுவி ஊற்றினார்கள். சிமென்ட் கழுவிய தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி காரம், பிஎச் அளவு 12-ஐத் தொடும். ஒரு வாரம் கழித்து நகத்தால் கீறிப் பார்த்தேன். மண்ணே இல்லை, சாம்பல் நிறத்தில் ஒரு தட்டு. அதைப் பெயர்த்தால் அடியில் நூல் நூலாக வேர், பழுப்பேறி, தொட்டதும் கையோடு வந்தது. மரத்துக்குத் தண்ணீர் உறிஞ்சும் வேரில் பெரும்பகுதி மேல்மண்ணில்தான் இருக்கிறது. புகாரில் 'புல் சேதம்' என்று எழுதித் தொலைத்தேன். 'மீண்டும் வளரும்' என்று பதில் எழுதி மூடிவிட்டார்கள். மரம் என்று எழுதியிருக்க வேண்டும்.

மட்டக்கோல்:
முப்பது வருஷமாகக் கட்டட வேலை பார்க்கிறேன். வடக்குவாசல் சார், ஆறு கன மீட்டர் கான்கிரீட் மட்டுமே 14 டன்னுக்கு மேல், வண்டி எடை தனி. நடைபாதைக் கல் ஆள் நடக்கப் போட்டது. உடையாமல் என்ன செய்யும்? டிரைவர் வேண்டுமென்றா ஏற்றுகிறார்? உள்ளே கலவை இறுகிக்கொண்டிருக்கும், தெருவில் நீங்கள் காரை நிறுத்தியிருப்பீர்கள். நான் இரும்புத் தகடு விரித்துத்தான் வண்டியை விடுவேன். ஒரே ஒரு நாள் தகடு வரவில்லை, பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். மறுநாள் ஒரு பாட்டி உடைந்த கல்லுக்கு முன்னால் நின்று, கைத்தடியால் ரெண்டு தடவை தட்டிப் பார்த்துவிட்டு, வண்டிகள் போகிற ரோட்டில் இறங்கிச் சுற்றிக்கொண்டு போனார். யாரும் புகார் கொடுக்கவில்லை. மதியமே கல்லை மாற்றினேன்.

மண்புழு:
மரத்தடியில் கழுவியதும் அவசரத்திலா மேஸ்திரி?

மட்டக்கோல்:
அது அயோக்கியத்தனம். அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.

ரெண்டாவது மாடி:
எனக்கு நடந்தது சின்ன விஷயம். குழந்தையின் தள்ளுவண்டிச் சக்கரம் பிளவில் சிக்கி, குழந்தை முன்னால் குனிந்துவிட்டது. பெல்ட் போட்டிருந்ததால் தப்பித்தோம்.

ஆனால் எல்லோரும் புகார் கொடுப்பதிலேயே தப்பு செய்கிறீர்கள். கிட்டப் போய் ஒரு படம், எட்ட நின்று ஒரு படம். எட்டப் படத்தில் கட்டட வாசல் தெரியணும், கிட்டப் படத்தில் அளவு தெரிய டேப்பை விரித்து வையுங்கள். லாரி அங்கே நிற்கும்போதே நம்பர் பிளேட்டோடு எடுத்தால் பாதி வாக்குவாதம் மிச்சம். 'நடைபாதை மோசம்' என்று எழுதாதீர்கள். எந்தக் கதவு எண்ணுக்கு முன்னால், எத்தனை கல், தடுக்குகிற உயரம் எவ்வளவு, எந்தத் தேதியில் என்று எழுதுங்கள். புகார் எண்ணை வாங்காமல் நகரக்கூடாது. சாக்கடை மூடி உடைந்திருந்தால் படிவம் நிரப்பிக்கொண்டிருக்காமல் உடனே போன் பண்ணுங்கள், ராத்திரியில் யாராவது விழுவார்கள். கட்டடம் கட்டுகிற வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கான்ட்ராக்டருக்குக் கடைசித் தவணை பாக்கி இருக்கிற வரைக்கும்தான் வீட்டுக்காரர் பேச்சுக்கு மதிப்பு. அப்புறம் வடக்குவாசல் சார், பழைய படம் இல்லையென்றால் கூகுள் ஸ்ட்ரீட் வியூவில் உங்கள் தெரு இருக்கிறதா பாருங்கள். எடுத்த மாசமும் வருஷமும் அதிலேயே போட்டிருக்கும்.

சும்மா வந்தவன்:
அனுபவம் கேட்டால் பாடம் நடத்துகிறார்கள். நீங்கள் சொன்ன அத்தனையும் செய்தேன், டேப் உட்பட. ரெண்டு பேர் வந்து கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தாரை ஊற்றி, மண்வெட்டியின் பின்பக்கத்தால் நாலு தட்டு தட்டிவிட்டுப் போனார்கள். அடிமண்ணைக் கெட்டிக்கவே இல்லை. முதல் மழையில் அமுங்கிக் குழியாகிவிட்டது. புகார் 'தீர்க்கப்பட்டது' என்றே இன்னும் காட்டுகிறது.

வடக்குவாசல்:
ரெண்டாவது மாடிக்கு நன்றி. தேடினேன், கிடைத்தது. வேலை ஆரம்பிப்பதற்கு ஏழு மாதம் முந்தைய படம். கல் முழுசாக இருக்கிறது, கீறல்கூட இல்லை. ஆனால் அதன் மேல் ஒரு பக்கச் சக்கரத்தை ஏற்றி நிற்பது என் கார். அனுப்புவதா வேண்டாமா என்று ரெண்டு நாளாக அதைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.