மகளைக் கூரை போட்ட பாஸ்கெட்பால் கோர்ட்டில் சேர்க்கலாமா, திறந்தவெளியே போதுமா?

மடிப்பாக்கம்_அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். என் மக ஏழாவது படிக்கிறா. பாஸ்கெட்பால்னா உயிர். வீட்டுக்குப் பக்கத்துல இருக்கிற கிரவுண்ட்ல சாயந்திரம் ஆடிட்டிருக்கா. சிமெண்ட் கோர்ட், மேல ஒண்ணும் கிடையாது, மாசம் சின்னத் தொகைதான் வாங்குறாங்க. இப்ப பள்ளிக்கரணை பக்கம் கூரை போட்ட கோர்ட் ஒண்ணு வந்திருக்கு. ஃபீஸ் கிட்டத்தட்ட மூணு மடங்கு. வண்டியில கொண்டுபோய் விட்டுக் கூட்டிட்டு வரணும். "மழை, வெயில்னு லீவே கிடையாது, வருஷம் முழுக்க ஆடலாம்"னு சொல்றாங்க. வீட்டுக்காரர் "வெயில்ல ஆடினாத்தான் உடம்பு உரமேறும், எதுக்கு வெட்டிச் செலவு"ங்கிறார். அவளுக்கு ஸ்கூல் டீம்ல இடம் பிடிக்கணும்னு ஆசை. கூரை அவ்வளவு வித்தியாசம் பண்ணுமா? ஆடினவங்க, சொல்லிக்கொடுக்கிறவங்க சொல்லுங்க.

ஞாயிறு_ஆட்டம்:

சார் சொல்றதுல நியாயம் இருக்கு மேடம். நாங்க எல்லாரும் திறந்தவெளியில ஆடி வளர்ந்தவங்கதான். பெரியவங்க, சின்னவங்க கலந்து ஆடுற இடம் அது. தோத்தா வெளிய உக்காரணும், அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருக்கணும். அந்தப் பாடம் ஃபீஸ் கட்டிச் சேர்ற இடத்துல கிடைக்கிறது கஷ்டம். வீட்டுக்குப் பக்கத்துல கோர்ட் இருக்கிறதே பெரிய விஷயம், அதை விட்டுடாதீங்க.

பெரம்பூர்_கோச்:

சகோதரி, நான் காலேஜ் டீம்ல ஆடினவ. இப்ப பொண்ணுங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். கூரை இல்லாத கோர்ட், கூரை போட்ட கோர்ட் ரெண்டுலயும் வேலை பார்த்திருக்கேன். கூரை நிச்சயமா வித்தியாசம் பண்ணும். முக்கியமா, பிராக்டிஸ் அறுந்துபோகாம இருக்கும்.

நம்ம சென்னை காலண்டரை எடுத்து வச்சுப் பாருங்க. ஜூன் வரைக்கும் வெயில் அடங்காது. ஜூலை, ஆகஸ்ட்ல சாயந்திரமானா திடீர்னு இடி மழை, அதுவும் சரியா பிராக்டிஸ் நேரத்துக்கு. செப்டம்பர்ல காலாண்டுப் பரீட்சை. அக்டோபர் பாதிக்கு மேல வடகிழக்குப் பருவமழை தொடங்கிடும். வருஷத்துக்குச் சராசரியா 1,400 மில்லிமீட்டர் பக்கம் மழை பெய்யிற ஊர் இது. அதுல பாதிக்கு மேல அக்டோபர், நவம்பர், டிசம்பர்லயே கொட்டிடும். சிமெண்ட் கோர்ட்ல மழை விட்டதும் ஆட முடியாது. பள்ளத்துல தண்ணி நிக்கும், ரெண்டு நாள் நின்னா பாசி பிடிக்கும். வைப்பர் வச்சுத் தள்ளிட்டு ஆட விட்டா, லே-அப் போட, அதாவது ஓடிவந்து எழும்பி ரிங் பக்கத்துல பந்தைப் போட, கால் ஊன்றப்ப வழுக்கும். கணுக்கால் பிசகினா மாசக் கணக்குல உக்காரணும். ஜனவரியில மழை போனா காலையில பனி, தரை ஈரம். அப்புறம் முழுப் பரீட்சை. அது முடிஞ்சு லீவு விட்டா மே 4ஆம் தேதி கத்திரி வந்து நிக்கும். இதுல ஒரு பிள்ளை தடையில்லாம ஆட எத்தனை வாரம் மிச்சம்னு நீங்களே எண்ணிப் பாருங்க.

ஷூட்டிங், அதாவது பந்தை ரிங்குக்குள்ள போடுறது, தினம் தினம் செஞ்சாத்தான் கைக்குள்ள நிக்கும். மணிக்கட்டு, முழங்கை, முட்டி மூணும் ஒரே கணக்குல வரணும். நல்லா வந்துட்டிருந்த பிள்ளை மூணு வாரம் மழை லீவு முடிஞ்சு வந்தா, யாரும் தடுக்காம கோட்டுல நின்னு போடுற ஃப்ரீ த்ரோகூட ரிங்குக்கு முன்னாலயே விழும். அந்த முகத்தைப் பார்க்கிறப்ப எனக்கு வயித்தெரிச்சலா இருக்கும். பிள்ளை மேல தப்பே கிடையாது, வானம் செஞ்ச வேலை அது. கடற்கரைப் பக்கம் கோர்ட்னா காத்தும் சேர்ந்துக்கும். பந்து விலகினது காத்தாலயா கையாலயான்னு அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. காத்து குறுக்க வராத இடத்துல தப்பு எங்கன்னு உடனே பிடிச்சுத் திருத்தலாம்.

இந்த ஆட்டமே கூரைக்குக் கீழ பொறந்ததுதான். 1891 டிசம்பர்ல அமெரிக்காவுல, குளிர்ல வெளிய போக முடியாத மாணவர்களுக்காக ஜேம்ஸ் நெய்ஸ்மித்ங்கிற ஆசிரியர் ஜிம்முக்குள்ள ரெண்டு பழக்கூடையை மாட்டி உண்டாக்கினார். அவர் வேலை பார்த்தது ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில, நம்ம நந்தனத்துல உடற்கல்விக் கல்லூரி நடத்துறதும் அதே ஒய்.எம்.சி.ஏ.தான். 1936 பெர்லின் ஒலிம்பிக்ஸ்ல இதை முதல்முறை பதக்க ஆட்டமா சேர்த்தப்ப, மண் டென்னிஸ் கோர்ட்ல திறந்தவெளியில நடத்தினாங்க. ஃபைனல் அன்னைக்கு மழை. பந்தைத் தட்டினா சேத்துல எழும்பவே இல்ல. அமெரிக்கா 19, கனடா 8. ஃபைனலோட மொத்த ஸ்கோரே அவ்வளவுதான்! நவம்பர் மாசத்துச் சென்னை கோர்ட்ல நான் பார்க்கிறதும் கிட்டத்தட்ட இதே ஆட்டம்தான்.

வெயில் பத்தி உங்க வீட்டுக்காரர் சொல்றதை நான் தள்ளிவிடல. உடம்பு வெயிலுக்குப் பழகும், அது உண்மை. ஆனா ஏப்ரல், மே மாசம் நாலு மணிக்குக்கூட சிமெண்ட் தரை அனலை மேல தள்ளிட்டே இருக்கும். புழுக்கத்துல வேர்வை காயாது, உடம்பு சூடு இறங்காது. தலைசுத்தல், வாந்தி, தசைப்பிடிப்பு வந்துட்டா அன்னைக்கு ஆட்டம் அதோட முடிஞ்சுது. பழக வைக்கணும்னா காலையில ஆறுலேருந்து ஏழரைக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா பழக்குங்க.

இன்னொண்ணு, மனசுல இருக்கிறதைச் சொல்லிடறேன். எட்டாவது, ஒன்பதாவது வந்ததும் பொண்ணுங்களை நிறுத்துறாங்க. "கறுத்துப் போறா", "இருட்டுது", இதுதான் காரணம். முதல் பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோவம் வரும். ஆனா கோவப்பட்டா அந்தப் பிள்ளை கோர்ட்டுக்கு வந்துடுவாளா? கூரையும் நல்ல லைட்டும் பாத்ரூமும் இருக்கிற இடத்துல பாட்டி, அத்தை யாரும் அந்தப் பேச்சை எடுக்கிறதில்ல, பொண்ணுங்க பத்தாவது தாண்டியும் ஆடுறாங்க. இதுக்காகவே ஊர்ல இன்னும் நிறைய கூரை வரணும்னு நான் ஆசைப்படறேன்.

பந்து, ஷூ செலவும் குறையும். சொரசொரப்பான சிமெண்ட்ல கம்போசிட் பந்து (செயற்கைத் தோல் பந்து) சீக்கிரம் தேஞ்சுபோகும், ரப்பர் பந்துதான் தாங்கும். பெரிய போட்டியில கையில கிடைக்கிறது ரப்பர் இல்ல. பெண்களுக்கு ஆறாம் நம்பர் பந்து, அதையே வாங்கிக் கொடுங்க.

கூரை_வேலை_அம்பத்தூர்:

கோச் மேடம் ஆட்டத்தைச் சொல்லிட்டாங்க, நான் ஷெட் பத்திச் சொல்றேன். நாங்க கம்பி, ஷீட் வேலை பண்றவங்க. மேல தகரம் இருந்தா மட்டும் போதாதுக்கா. சேர்க்கிறதுக்கு முன்னாடி நீங்களே போய்ப் பாருங்க. சர்வதேச விதிப்படி கோர்ட்டுக்கு மேல குறைஞ்சது 7 மீட்டர் எந்தத் தடையும் இருக்கக் கூடாது. பல இடத்துல பேட்மிண்டனுக்கோ குடோனுக்கோ போட்ட ஷெட்டுக்குள்ள பாஸ்கெட்பால் போர்டை நட்டு வச்சிருப்பாங்க. தூரத்துலேருந்து போடுற ஷாட், கூரையைத் தாங்குற இரும்புச் சட்டத்துல (டிரஸ்) இடிக்கும், பிள்ளை தன்னையறியாம பந்தைத் தாழ்வா விடப் பழகிடும். ஷீட் தாழ்வா இருந்தா மத்தியான வெயில்ல உள்ள அடுப்பாயிடும். பக்கவாட்டுல திறந்திருக்கா, மேல காத்துப்போக்கி சுத்துதா, பெரிய ஃபேன் இருக்கான்னு பாருங்க. பேட்மிண்டன்ல இறகுப்பந்து விலகும்னு ஃபேனை நிறுத்துவாங்க, இதுக்கு அந்தத் தொல்லை இல்ல. வடகிழக்குப் பக்கம் ஷீட் நல்லா கீழ வரைக்கும் இறங்கியிருக்கணும், இல்லேன்னா சாரல் பாதி கோர்ட்டை நனைச்சிடும். 2016 வர்தா புயல்ல ஷீட் பறந்ததைப் பார்த்தவன் நான். புயல் எச்சரிக்கை கொடுத்தா எந்தக் கூரைக்குக் கீழயும் அனுப்பாதீங்க.

மடிப்பாக்கம்_அம்மா:

ரொம்ப நன்றி. வீட்டுக்காரர்கிட்டயும் படிச்சுக் காட்டினேன். வருஷம் முழுக்க அந்த ஃபீஸ் கட்ட முடியுமான்னு யோசனையா இருக்கு. மழைக்காலம் மட்டும் அங்க, மத்த நாள் இங்கன்னு வச்சுக்கலாமா மேடம்?

பெரம்பூர்_கோச்:

தாராளமா. ஆனா அக்டோபர்ல போய்க் கேட்டா இடம் கிடைக்காது, எல்லாரும் அப்பதான் ஓடி வருவாங்க. ஆகஸ்ட்லயே பேசி, வாரம் ரெண்டு நாள் மட்டும்னு சேர்த்துவிடுங்க. மழை வந்ததும் நாளைக் கூட்டிக்கலாம். மீதி நாள் வீட்டுக்குப் பக்கத்துல, அந்தத் தம்பி சொன்ன மாதிரி பெரியவங்களோட ஆடட்டும். மழைக்கு வைக்கிற மாதிரியே மே மாசத்துக்கும் வச்சுக்கோங்க. முதல் தடவை நல்ல மழை பெய்யிற சாயந்திரமா பார்த்துப் போங்க. ஒழுகுதா, தரை வழுக்குதா, ஷீட்ல மழை கொட்டுற சத்தத்துல கோச் குரல் பிள்ளைங்களுக்குக் கேக்குதான்னு பத்து நிமிஷத்துல தெரிஞ்சுடும். தரை வெறும் சிமெண்டா, மேல சிந்தெட்டிக் போட்டிருக்கான்னும் கேளுங்க. வளர்ற வயசு, முட்டியும் கெண்டைக்காலும் அதைப் பொறுத்துத்தான் இருக்கு.